ரொட்டி விலையும் என் இரண்டு கையெழுத்துகளும்

2011இல் கெய்ரோவில் சனம் சதுக்கத்தை நிரப்பிக்கொண்டு ஜனாதிபதியைப் போகச் சொல்லிக் கத்திய அந்த வாரத்தில், மெல்பேர்ணின் ரோவிலில் உள்ள என் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர், நான் எழுபதுகளில் வேலை செய்த கம்பனியில் இப்போது பிரிவுத் தலைவியாக இருப்பவர். பழைய கோப்புகளைக் கிளறியபோது 1976 டிசம்பரில் நான் எழுதிய பத்தி ஒன்று அகப்பட்டதாம். எகிப்தில் ரொட்டி விலையைக் கூட்டினால் நாடு முழுவதும் சனம் தெருவுக்கு வரும் என்று அதில் இருக்கிறதாம். அடுத்த மாதமே அப்படி நடந்ததாம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எங்களுடைய ஆட்களுக்கு ஒருநாள் வந்து சொல்வீர்களா என்று கேட்டார்.

அந்தப் பத்தியின் குறுக்கே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இருக்குமே, அதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். ஏதோ கறை என்று நினைத்தாராம்.

நான் போகவில்லை. அரை மணி நேரப் பேச்சில் அடங்குகிற விஷயமில்லை இது. எழுதித்தான் பார்க்கவேண்டும்.

நான் மெல்பேர்ணுக்கு வந்தது 1973இல். அதற்கு முன் கொழும்பில் உணவுத் திணைக்களத்தில் பங்கீட்டு அட்டைப் பிரிவில் பத்து வருடம் எழுதுவினைஞனாக இருந்தேன். அங்கே கற்றுக்கொண்டது ஒரே ஒரு பாடம். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அதை நேரிலும் பார்த்திருந்தேன்: அரசாங்கம் ஒருநாள் அரிசி விலையைக் கூட்டியது, இலங்கை முழுவதும் ஹர்த்தால் நடந்தது, கொஞ்ச நாளில் பிரதமர் பதவியை விட்டுப் போனார். எங்கள் கந்தோரில் எவ்வளவு பெரிய மந்திரி வந்தாலும் கிழட்டுத் தலைமை எழுதுவினைஞர் ஒருவர் கதிரையிலிருந்து எழும்பாமலே, "பங்கீட்டு அரிசிக் கொத்திலை கை வையாதேங்கோ, ஐயா. மற்ற எதிலையும் வையுங்கோ" என்பார். அதோடு என் பயிற்சி முடிந்தது.

கொலின்ஸ் வீதியில் எனக்குக் கிடைத்த வேலைக்கு நாட்டு நிலைமை அறிக்கையாளர் என்று பெயர். கோதுமை மா ஆலைகள், கப்பல் கம்பனிகள், செம்மறியாடு அனுப்புகிறவர்கள் எல்லாம் எங்கள் வாடிக்கையாளர்கள். சரக்கு போய்ச் சேருகிற நாட்டில் அரசாங்கம் அடுத்த வருடமும் இருக்குமா என்று அவர்களுக்கு நாங்கள் சொல்லவேண்டும். எனக்கு வடக்கு ஆபிரிக்காவையும் மத்திய கிழக்கையும் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டேன். "நீர் அந்தப் பக்கத்தாலைதானே வந்தனீர்" என்றார் என் மேலதிகாரி. கப்பல் அந்தப் பக்கத்தால் வரவில்லை என்று நான் திருத்தவில்லை. வேலை வேண்டியிருந்தது.

அந்த மேலதிகாரியின் பெயர் ஹாடோ. ஒன்றை இங்கே சொல்லிவிடவேண்டும். அவரும் மற்றவர்களும் என்னோடு பேசியது இங்கிலிசில்தான். இத்தனை வருடத்தில் அது என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாக மாறிவிட்டது. எனக்குக் கேட்கிறபடியே எழுதுகிறேன்.

ஹாடோ உயரமான, மெலிந்த, மிகவும் மரியாதையான மனிதர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. காலையில் வந்ததும் ஆறு பென்சில்களைச் சீவி, கூர் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கிவைப்பார். அதில் ஐந்து கறுப்பு, ஒன்று சிவப்பு. யுத்த காலத்தில் கெய்ரோவில் மூன்று மாதம் இருந்தவர், அதில் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில். அந்த மூன்று மாதத்தால் அவருக்கு எகிப்து முழுவதும் தெரியும் என்று கம்பனி நம்பியது. அவர் அதை மறுத்ததில்லை, ஆனால் தானாகச் சொன்னதுமில்லை.

அறிக்கைக்கு ஒரு படிவம் இருந்தது. ஆட்சியாளர் எத்தனை வருடமாகக் கதிரையில் இருக்கிறார்? இராணுவத்துக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா? எத்தனை கட்சிகள்? எத்தனை பத்திரிகைகள்? கடந்த வருடம் வேலைநிறுத்தம் நடந்ததா? ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கட்சிகள் கூடினால் புள்ளி குறையும். பத்திரிகைகள் கூடினாலும் குறையும். ஆகவே ஒரே ஆள், ஒரே கட்சி, ஒரே பத்திரிகை என்று இருக்கிற நாட்டுக்கு ஏறக்குறைய முழுப் புள்ளி கிடைக்கும். கூட்டி முடிந்ததும் ஹாடோ தன் லாச்சியைத் திறந்து மூன்று றப்பர் முத்திரைகளில் ஒன்றை எடுப்பார்: பச்சையில் "உறுதி", நீலத்தில் "கவனிக்க", சிவப்பில் "ஆபத்து". எங்கள் படிவத்தின்படி உலகத்திலேயே நிம்மதியான மக்கள் அரபு நாடுகளில்தான் வாழ்ந்தார்கள். என் கோப்புகள் பசுமையாக இருந்தன.

எழுத்திலும் விதிகள் இருந்தன. ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. "ஒருவேளை" கூடாது. ஒவ்வொரு கூற்றுக்கும் ஓரத்தில் ஆதாரம் எழுதவேண்டும். "மக்கள்" என்ற சொல்லும் கூடாது. முதல் மாதத்திலேயே அந்தச் சொல்லை வெட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"சிவா, சனம் கோதுமை வாங்கிறதில்லை. அரசாங்கம்தான் வாங்குது. சனம் வெறும் நுகர்வு."

அதன் பிறகு நான் "நுகர்வு" என்றே எழுதினேன். நுகர்வு அதிருப்தியில் உள்ளது என்று ஒருமுறை எழுதியதை அவர் வெட்டவில்லை.

1975 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வானொலி கத்தத் தொடங்கியது. ராணியின் பிரதிநிதி ஒரு கடிதத்தைக் கொடுத்து ஆஸ்திரேலியப் பிரதமரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கந்தோரில் ஒருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. சிலர் தெருவில் நடக்கும் ஊர்வலத்துக்குப் போனார்கள். எனக்கு அப்போது இந்த நாட்டில் வாக்கு இல்லை, செய்ய வேறு வேலையும் இல்லை. ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து நாடு என்ற இடத்தில் ஆஸ்திரேலியா என்று எழுதி நிரப்பினேன். கட்சிகள் பல. பத்திரிகைகள் பல. வேலைநிறுத்தம் ஏராளம். ஆட்சியாளர் கதிரையில் இருந்த காலம் மூன்று வருடத்துக்கும் குறைவு. கூட்டிப் பார்த்தால் சிவப்பு. ஒரு செம்மறியாட்டைக்கூட நம்பி அனுப்பமுடியாத நாடு.

பின்னால் நின்று அதைப் பார்த்த ஹாடோ சிரிக்கவில்லை.

"இந்தப் படிவம் எங்கட மாதிரி நாடுகளுக்குச் செய்ததில்லை."

"அப்ப எந்த மாதிரி நாட்டுக்கு, சேர்?"

அவர் நேர்மையாக யோசித்தார். "போய்க் கேட்டுப் பாக்க ஏலாத நாடுகளுக்கு."

அவர் போன பிறகு அடுத்த மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எகிப்தைப் பற்றிக் கேக்கிறதெண்டால் ரெண்டு வருஷமா நான் இஞ்சைதான் இருக்கிறன். ஒருத்தரும் கேக்கேல்லை."

நாடியாவை நான் கவனித்தது அன்றுதான். எங்கள் தட்டெழுத்தாளர். கெய்ரோவில் ஷுப்ரா என்ற பகுதியைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண். அங்கே பெண்கள் பாடசாலையில் புவியியல் படிப்பித்தவர். இங்கே அந்தப் பட்டம் செல்லாது என்றதால் தட்டெழுத்து. எகிப்து பற்றிய என் அறிக்கைகள் எல்லாவற்றையும் சுத்தமாக அடித்துத் தந்தவர் அவர்தான். அவற்றைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு மதிய நேரங்களில் அவர் தன் தம்பி ரவூஃபின் கடிதங்களை எனக்கு மொழிபெயர்த்து வாசிக்கத் தொடங்கினார். ரவூஃபுக்குக் கெய்ரோவுக்கு வடக்கே ஒரு நெசவாலையில் வேலை. மனைவி, மூன்று பிள்ளைகள். கடிதங்கள் முழுவதும் தாயின் சுகவீனம்தான். அம்மா இந்த வாரம் இரண்டு தரம் மயங்கி விழுந்தார். அம்மாவுக்கு நெஞ்சு அடைக்கிறது. அம்மாவைப் பார்க்கிற டாக்டர் ஜேர்மன் கார் வாங்கியிருக்கிறார். நான் மூன்றாவது கடிதத்தில், "நல்ல ஆஸ்பத்திரியிலை காட்டலாமே" என்று சொன்னேன்.

நாடியா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அம்மா செத்து ஆறு வருஷம், சிவா."

அங்கே கடிதங்களை உடைத்து வாசிப்பார்களாம். அம்மா மயங்கினால் பங்கீட்டுக் கடையில் எண்ணெய் இல்லை. நெஞ்சடைப்பு என்றால் ரொட்டி வரிசை. கார் வாங்கிய டாக்டர், வெளிநாட்டு முதலீட்டுக்கு நாட்டைத் திறந்துவிட்டோம் என்று அரசாங்கம் அறிவித்த பிறகு திடீரென்று பணக்காரரான கூட்டம். அன்றிலிருந்து இறந்துபோன ஒரு தாயின் உடல்நிலையை நான் மாதாமாதம் கவலையோடு விசாரித்து வந்தேன். எகிப்தைப் பற்றி எனக்கு உண்மையாகத் தெரிந்ததெல்லாம் அந்த அம்மாவின் நாடித்துடிப்புத்தான்.

1976 டிசம்பர் தொடக்கத்தில் வந்த கடிதம் இது: "வெளிநாட்டு வைத்தியர்கள் வந்து அம்மாவுக்குப் பத்தியம் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டைக் குறைத்தால் சுகம் வருமாம். வீட்டுக்காரரும் சம்மதிக்கப் போகிறார் என்று பேச்சு. பத்தியம் தொடங்கினால் அம்மா கட்டிலில் கிடக்க மாட்டார். எழும்பி நடப்பார்."

நாடியா வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்தார். கடன் கொடுக்கிறவர்கள் மானியத்தை வெட்டச் சொல்கிறார்கள். ரொட்டி விலை ஏறப்போகிறது. எனக்குக் கொழும்புக் கந்தோரின் அந்தக் கிழவர் ஞாபகம் வந்தார்.

வருடக் கடைசி அறிக்கையில் எகிப்துக்கு ஒரு பத்தி சேர்த்தேன். மானியம் வெட்டப்பட்டு ரொட்டி, எண்ணெய், சீனி விலை கூடினால் எல்லாப் பெரிய நகரங்களிலும் ஒரே நேரத்தில் மக்கள் தெருவுக்கு வருவார்கள். "மக்கள்" என்றே எழுதினேன். ஹாடோ ஓரத்தைப் பார்த்தார். ஓரம் வெறுமையாக இருந்தது.

"ஆதாரம் எங்கை?"

"ஒரு கடிதம், சேர்."

"ஆர் எழுதினது?"

"ஒரு தொழிலாளி."

"கடிதத்திலை என்ன சொல்லியிருக்கு?"

தாய்க்குச் சுகமில்லை என்று சொல்லியிருக்கிறது, தாயும் உயிரோடு இல்லை என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து, மட்டம் வைத்தது போல நேராக ஒரு கோடு போட்டார். பிறகு லாச்சியைத் திறந்தார். பச்சை.

நான் கையெழுத்துப் போட்டேன். என் மனைவி பவானிக்கு அப்போது ஏழாம் மாதம். அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமாகவேண்டும். இதைவிட நல்ல காரணம் ஒன்றை இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜனவரி நடுப்பகுதியில் மெல்பேர்ணில் எந்தக் கந்தோரிலும் ஆள் இருக்காது. வெயில், விடுமுறை, கடற்கரை. புரட்சி செய்கிறவர்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை. ஒரு புதன்கிழமை காலை தந்தி இயந்திரம் நிற்காமல் கடதாசி கக்கியது. திங்கட்கிழமை எகிப்தின் மந்திரி ஒருவர் பாராளுமன்றத்தில் விலையேற்றத்தை அறிவித்திருக்கிறார். அடுத்தநாள் விடிந்ததும் அலெக்சாந்திரியாவில் துறைமுகத் தொழிலாளர்கள், கெய்ரோவில் ஆலைத் தொழிலாளர்கள், மாணவர்கள், பிறகு எல்லோரும். தெற்கே அஸ்வான் வரை. சூயஸ் கால்வாயைக் கடந்து போரில் வென்ற வீரர் என்று பெயர் வாங்கியிருந்த ஜனாதிபதியைப் பார்த்து, "கால்வாய் கடந்த வீரனே, காலைச் சாப்பாடு எங்கே?" என்று கத்துகிறார்களாம். நாடியா தந்தியைக் கிழித்துத் தந்தார்.

"அம்மா எழும்பீட்டா" என்றார்.

ரவூஃப் எங்கே என்று தெரியாது. தொலைபேசி கிடைக்கவில்லை.

ஹாடோ மறுநாள் கடற்கரை வீட்டிலிருந்து, மூக்குத் தோல் உரிய, செருப்போடு வந்து சேர்ந்தார். ஒரு மா ஆலையின் கப்பல் அலெக்சாந்திரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்களுக்குக் காரணம் வேண்டும். பிற்பகலுக்குள் வேண்டும்.

"காரணங்களை எழுதும், சிவா. இந்தமுறை ஒரு பக்கம் தாண்டினாலும் பரவாயில்லை."

என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் எழுதியதில்லை. ரொட்டியும் எண்ணெயும் எழுதினேன். போர் முடிந்தால் வளம் வரும் என்று கொடுத்த வாக்கையும், வளம் சில வீட்டு வாசல்களில் மட்டும் காராக வந்து நின்றதையும் எழுதினேன். ஆனால் விலை மட்டும் காரணமில்லை. விலை எல்லா நாட்டிலும் ஏறுகிறது. இங்கே ஏறினால் சனம் பத்திரிகைக்குக் கடிதம் எழுதும், சங்கம் வேலைநிறுத்தம் செய்யும், மூன்று வருடத்தில் வாக்கைப் போட்டு ஆளை மாற்றும். அங்கே ஒரே பத்திரிகைக் குரல், கேள்வி கேட்காத பாராளுமன்றம், நகராத கதிரை. முறைப்பாடு சொல்ல வேறு இடம் இல்லாதவனுக்குத் தெரு ஒன்றுதான் மிச்சம். எங்கள் படிவம் எதற்கெல்லாம் முழுப் புள்ளி கொடுத்ததோ, அதெல்லாம்தான் காரணம். கடைசி வசனத்தை அப்படியே எழுதினேன்.

ஹாடோ இரண்டு தரம் வாசித்தார். "நல்லா இருக்கு" என்றார். அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஆனால் ஓரம் வெறுமையா இருக்கு. டிசம்பரிலை சொன்ன அந்தத் தொழிலாளி ஆர்? எந்த ஆலை? அதைப் போட்டால் இப்பிடியே விடலாம்."

எங்கள் அறிக்கைகள் அரச நூலகங்களுக்கும் தூதரகங்களுக்கும் போகும். நான் நாடியாவிடம் போய் நின்றேன். அவர் தட்டெழுத்து இயந்திரத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்:

"ஆலையின்ர பேர் வந்தால், அவன் வெளியிலை நிண்டால் பிடிப்பாங்கள். உள்ளுக்கு இருந்தால் பிறகு விடமாட்டாங்கள். நீங்கள் என்ன செய்வீங்களோ தெரியாது, சிவா. உங்களுக்கு நான் வாசிச்சது கடிதம். சாட்சி இல்லை."

ஆதாரம் இல்லை என்று ஹாடோவிடம் போய்ச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். என் பக்கங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, தந்தியில் வந்த எகிப்து அரசின் அறிவிப்பை எடுத்தார். அதில் காரணம் தெளிவாக இருந்தது: கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காரர் முன்கூட்டியே திட்டமிட்டுத் தூண்டிவிட்ட கலகம், பொதுமக்களுக்கு அதில் பங்கில்லை.

"ஒரு அரசாங்கமே சொல்லுது. இதைவிட நல்ல ஆதாரம் எங்கை கிடைக்கும்?"

அப்படியே போனது. அதற்குள் எகிப்து அரசாங்கம் விலையேற்றத்தை மீளப்பெற்றிருந்தது. தெருவில் இராணுவம் இறங்கியது, ரொட்டியின் பழைய விலை திரும்பி வந்தது, நிறையப் பேர் சிறைக்குப் போனார்கள். ஜனாதிபதி அதைத் திருடர்களின் எழுச்சி என்றார். விரைவாகப் பின்வாங்கத் தெரிந்த அரசாங்கம் நெகிழ்வானது என்று ஹாடோ தீர்மானித்தார். மறுபடியும் பச்சை. அதன் கீழே என் கையெழுத்து.

வீட்டில் குசினியில் வைத்துப் பவானிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்கட பேரைப் போட்டனீங்களோ?"

"ஓம். போட்டனான். ரவூஃபின்ர பேர் வராமல் இருக்கிறதுக்கு."

"ஒரு ஆளைக் காப்பாத்திறதுக்கு, ஊர் முழுக்க ஆரோ தூண்டித்தான் வந்ததெண்டு எழுதியிருக்கிறியள்." வெங்காயம் அவள் கண்ணைக் கரித்தது. "நல்ல உத்தியோகமப்பா."

பங்குனியில் ரவூஃபின் மனைவி எழுதிய கடிதம் வந்தது. கணவர் படிக்கப் போயிருக்கிறாராம். விடுமுறை எப்போது என்று பள்ளிக்கூடம் சொல்லவில்லையாம். எட்டு மாதம் கழித்துச் சிறையிலிருந்து விட்டார்கள். ஆலையில் திரும்ப எடுக்கவில்லை. வேறு எங்கும் எடுக்கவும் இல்லை. 1978இல் நாடியா தம்பி குடும்பத்தை இங்கே அழைக்க விண்ணப்பித்தார்.

சில மாதங்களின் பின் ஒரு காலை என் மேசையில் ஒரு கடிதத்தை வைத்துவிட்டு நின்றார். குடிவரவு அதிகாரி எழுதியது. விண்ணப்பதாரரின் தம்பி தடுத்துவைக்கப்பட்டிருந்ததாகத் தெரிகிறது. அந்தச் சம்பவங்கள் கம்யூனிஸ்ட் அமைப்புகளால் திட்டமிடப்பட்டவை என்று ஆஸ்திரேலிய நிபுணர்களின் அறிக்கை ஒன்று கூறுகிறது. இதற்கு விளக்கம் தரவும். இணைப்பாக எங்கள் அறிக்கையின் பிரதி.

"நான்தான் ரைப் பண்ணினது" என்றார் நாடியா. "ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை."

அழவில்லை, கோபிக்கவும் இல்லை. தன் இயந்திரத்துக்குத் திரும்பிப் போய் வேலையைத் தொடங்கினார். அந்தச் சத்தத்தை என்னால் அரை மணி நேரம்தான் கேட்டுக்கொண்டிருக்க முடிந்தது.

குடிவரவுக் கந்தோருக்கு நான் தனியாகத்தான் போனேன். அதிகாரி என் வயதுக்காரர், நிதானமான மனிதர். அவரில் பிழை சொல்ல எதுவும் இல்லை. அவருக்குக் கிடைத்த ஆதாரம் அது. ஆதாரத்தை உற்பத்தி செய்தவன் நான். கையால் எழுதிய மூன்று பக்கச் சத்தியக் கூற்றைக் கொடுத்தேன். என் அறிக்கையில் உள்ள காரணம் தவறு. எழுச்சிக்குக் காரணம் ரொட்டி விலையும் முறைப்பாடு சொல்ல வழியில்லாத ஆட்சியும். ரவூஃப் எந்தக் கட்சியையும் சேர்ந்தவர் அல்ல, பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கப் போனபோது பிடிபட்டவர். அந்தக் கடைசிப் பகுதி நாடியா எனக்குச் சொன்னது. அவர் நம்பியதும் அதுதான்.

அதிகாரி இரண்டு கடதாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதிலையும் உங்கட கையெழுத்து?"

"ஓம்."

"இதிலையும்?"

"ஓம்."

"ஒண்டு சம்பளம் வாங்கி எழுதினது. மற்றது சும்மா எழுதினது. எதை நான் நம்ப?"

"சும்மா எழுதினதை நம்புங்கோ. அதாலை எனக்கு வேலை போகும்."

அவர் சிரித்தார். நான் பகிடி விடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

திரும்பி வந்து ஹாடோவிடம் நானே சொன்னேன். அவர் பென்சில்களின் வரிசையைச் சரிசெய்தார், அது சரியாகத்தான் இருந்தது.

"யுத்தத்திலை நான் கெய்ரோவிலை நிண்டனான், தெரியும்தானே. மா தட்டுப்பாடு வந்தது. சனம் பேக்கரியளை உடைச்சது. எங்களிலை கொஞ்சப் பேரை ஒரு பேக்கரி வாசலிலை காவலுக்கு விட்டாங்கள். ஒரு மனுசி என்ர துவக்கைக் கையாலை விலத்திப்போட்டு உள்ளுக்குப் போனா. ஈயை விலத்திற மாதிரி."

"நீங்கள் என்ன செய்தனீங்கள், சேர்?"

"ஒண்டும் செய்யேல்லை. அவ ரெண்டு ரொட்டியோடை வந்தா. ஒண்டை எனக்கு நீட்டினா. நானும் ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை எண்டு முகத்திலை தெரிஞ்சிருக்க வேணும்."

"டிசம்பரிலை நான் எழுதினது உண்மையெண்டு உங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்" என்றார் ஹாடோ. "ஆனால் அந்த மனுசியை நான் ஓரத்திலை எப்பிடி எழுதிறது?"

என்னை அவர் வேலையிலிருந்து நீக்கவில்லை. பதவி விலகல் கடிதத்துக்கு நல்ல கடதாசி தந்தார். என்னைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த சான்றிதழில் ஒரு அடைமொழிகூட இல்லை. ஆனால் அதைக் காட்டியவுடன் ரயில்வேயில் நேர அட்டவணைப் பிரிவில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான். அங்கேயும் நாங்கள் சொன்னபடி எதுவும் நடக்காது. ஆனால் அதற்காக யாரையும் சிறையில் போடுவதில்லை.

1979இல் ரவூஃபுக்கு அனுமதி கிடைத்தது. வந்து சேர்ந்த இரண்டாம் ஞாயிறு நாடியா கோபர்க் பகுதியில் உள்ள தன் வீட்டில் எங்களுக்கு விருந்து வைத்தார். ஆட்டிறைச்சி, அவித்த அவரை, அவரே சுட்ட தட்டை ரொட்டி. தங்கள் நாட்டில் ரொட்டிக்கும் சீவியத்துக்கும் ஒரே சொல்தான் என்று பவானிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ரவூஃப் நான் கற்பனை செய்ததைவிடக் குள்ளம், பருமன், உரத்த குரல். சிறையில் பழகிய இங்கிலிஸ் என்றார். நாடியா என் சத்தியக் கூற்றின் பிரதியைப் பெருமையோடு கொண்டுவந்து அவருக்கு வாசித்துக் காட்டினார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்திருந்தேன்.

ரொட்டி வாங்கப் போனபோது பிடிபட்டவர் என்ற இடத்தில் ரவூஃப் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஆர் சொன்னது இதை?"

"நான்தான் சொன்னனான்" என்றார் நாடியா.

"அவமானம்!" மேசையில் அடித்தார். "பத்து வருஷம் அந்த ஆலைக்குள்ளை கட்சி வளர்த்தவன் நான். கூட்டம் சேர்த்தனான், துண்டுப் பிரசுரம் அடிச்சனான். விசாரணையிலை உதை வாங்கி வாங்கி இல்லையெண்டு சொன்னனான். இப்ப இவர் நான் ரொட்டி வாங்கப் போனவனெண்டு சத்தியம் பண்ணியிருக்கிறார்!"

"சத்தம் போடாதை" என்றார் நாடியா. யன்னலைச் சாத்தினார். அவருக்கும் அது அன்றுதான் தெரிந்தது.

நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். கம்யூனிஸ்டுகள்தான் காரணம் என்று சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். இல்லை என்று மனச்சாட்சிக்காகச் சத்தியம் செய்தேன். இரண்டாவதிலும் பொய். பவானி என்னைப் பார்க்காமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியதை வைத்துத்தான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

"அப்ப உங்கட அரசாங்கம் சொன்னது சரி" என்றேன் ரவூஃபிடம். "நீங்கள்தான் தூண்டிவிட்டனீங்கள்."

அவருடைய கோபம் சட்டென்று இறங்கியது. கொஞ்ச நேரம் அவரை விதைகளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"அதுதான் பிரச்சினை" என்றார். "அண்டைக்குக் காலைமை நாங்கள் ஏழு பேர் ஒரு அறைக்குள்ளை. விலையேற்றத்துக்கு எதிராய்த் துண்டுப் பிரசுரம் எழுதவேணும். தலைப்பிலை 'தொழிலாளரே' எண்டு போடுறதோ, 'குடிமக்களே' எண்டு போடுறதோ எண்டு வாதம். ஒரு மணித்தியாலம். வெளியிலை சத்தம் கேட்டுது. யன்னலாலை எட்டிப் பாத்தால் தெரு முழுக்கச் சனம், எங்கட வாசலைத் தாண்டிப் போகுது. எங்கட ஆலையாக்களும் அதுக்குள்ளை. ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை. நாங்கள் பின்னாலை ஓடித்தான் பிடிச்சம்."

"அப்ப ஆர் தொடங்கினது?" என்று பவானி கேட்டாள். இவ்வளவு வருடத்தில் கம்பனியில் ஒருவரும் இவ்வளவு எளிதாக அதைக் கேட்கவில்லை.

"எங்கட தெருவிலையோ? ஒரு மனுசி. சந்தியிலை அவிச்ச அவரை விக்கிறவ. கையிலை அகப்பையோடை முன்னுக்குப் போனா. நான் ஒருநாளும் எங்கட கூட்டத்திலை அவவைக் காணேல்லை."

"பேர் என்ன?" என்று நான் கேட்டேன்.

ரவூஃப் தோளைக் குலுக்கினார்.

"கேக்கத்தான் ஓடினனான். அவ கெதியா நடந்தா."